நன்மை நாடிச் சொன்ன பொய்

ஒரு நூல் நாம் நம்பும் உண்மையைச் சொல்கிறது. ஆனால் அதை எழுதியவர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்கிறாரோ அவர் அல்லர். அந்த நூலை நாம் சாட்சிக்கு அழைக்கலாமா? இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான். கேட்பதற்கு இலகுவாகத் தோன்றினாலும் விடை சொல்லும்போது நம்முடைய பல பழக்கங்களை இக்கேள்வி தொட்டுவிடுகிறது.

இதை வெறும் கற்பனையாக நான் எழுப்பவில்லை. முஸ்லிம் வாசகர்களுக்கு நன்கு பரிச்சயமான ஒரு நூல் இதன் பின்னால் இருக்கிறது. அதுதான் ‘பர்னபாஸ் சுவிசேஷம்’. ஈஸா (அலை) அவர்கள் இறைவனின் மகனல்லர், அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை, அவர்களுக்குப் பின் முஹம்மத் (ஸல்) அவர்கள் வருவார்கள் என்றெல்லாம் பெயர் குறித்தே சொல்லும் நூல் அது. இதைவிட வசதியான சாட்சி வேறெங்கே கிடைக்கும்? கிறிஸ்தவர்களோடு விவாதம் நடக்கும் இடங்களிலெல்லாம் நூறாண்டுக்கு மேலாக இந்நூல் எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது. முன்னர் துண்டுப் பிரசுரங்களில் வந்தது; இப்போது கைத்தொலைபேசிகளில் வருகிறது. அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. அதன் கையெழுத்துப் பிரதி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் அதனிலும் குறைவு.

பழங்காலப் பெரியார் ஒருவரின் பெயரை ஏற்றிப் பிற்காலத்தவர் எழுதிய நூல்களை ஆய்வாளர்கள் ‘சூடெபிகிராஃபா’ என்ற கிரேக்கச் சொல்லால் அழைப்பர். பொய்யான பெயர் இடப்பட்டவை என்பது அதன் நேர்ப்பொருள். இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் இட்டு மோசடி என்று தள்ளிவிடுவதும் நீதியாகாது. ஏனோக்கின் நூலை எடுத்துக்கொள்வோம். ஏனோக்கு என்று யூதர்கள் அழைப்பவரைத்தான் நம் முபஸ்ஸிர்களில் பலர் இத்ரீஸ் (அலை) என்று இனங்காண்கின்றனர். அவர் பெயரிலுள்ள அந்நூல் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. எதியோப்பியத் திருச்சபை மட்டும் கீஸ் மொழியில் அதை வேதத்தின் பகுதியாகவே பாதுகாத்து வந்தது. ஸ்கொட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் 1773இல் அதன் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1821இல் ரிச்சர்ட் லோரன்ஸ் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாக்கடலையொட்டிய கும்ரான் குகைகளில் அதே நூலின் அரமேய மொழித் துணுக்குகள் கிடைத்தன. மிலிக் என்ற அறிஞர் 1976இல் அவற்றைப் பதிப்பித்தார். நூல் பைபிள் சொல்லும் ஏனோக்கின் காலத்ததல்ல, ஆனால் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் அதன் பெரும்பகுதி இருந்தது என்பது அதனால் உறுதியாயிற்று.

இவ்வாறான பழைய நூல்களை எழுதியோர் எந்த மனநிலையில் எழுதினர் என்பதை இன்று நாம் அளந்து சொல்வது கடினம். ஒரு குருபரம்பரை தன் முன்னோனின் குரலில் பேசுவதை அக்காலத்தவர் ஒரு மரபாகவே கொண்டிருக்கலாம். கவிஞன் ஒருவன் கர்பலாவில் நின்ற ஒரு தாயின் குரலில் பாடும்போது அவனை யாரும் பொய்யன் என்பதில்லை. ஏனெனில் பாடுபவன் வேறு, பேசுபவள் வேறு என்பது பாடுபவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்த ஒன்று ஏமாற்றாகாது. எழுதுபவனுக்கு மட்டும் தெரிந்து, வாசிப்பவனுக்குத் தெரியக்கூடாது என்று அவன் பாடுபடும் இடத்தில்தான் அறம் குறுக்கே வந்து நிற்கிறது. நம் கேள்விக்கு உரிய எல்லைக்கோடு இதுவே என்று கருதுகிறேன்.

இனி பர்னபாஸ் சுவிசேஷத்துக்கு வருவோம். இந்நூலின் முழுமையான பழைய பிரதி ஒன்றே ஒன்றுதான் உள்ளது. அது கிரேக்கத்திலோ அரமேயத்திலோ இல்லை. இத்தாலிய மொழியில் இருக்கிறது. அதன் ஓரங்களில் அரபுக் குறிப்புகள் காணப்படுகின்றன. 1709இல் அம்ஸ்டர்டாமில் கிரேமர் என்பவரிடம் அது இருந்தது. அங்கே அதைக் கண்ட ஜோன் டோலன்ட் 1718இல் தன் நூலொன்றில் அதைப் பற்றி எழுதினார். கிரேமர் அதை 1713இல் சவோய் இளவரசர் யூஜினுக்கு வழங்க, 1738இல் அவரது நூற்சேகரத்தோடு அது வியன்னா அரச நூலகத்தைச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. தாளையும் எழுத்தையும் ஆராய்ந்தவர்கள் அப்பிரதி பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியை அண்டியது என்கின்றனர்.

ஸ்பானிய மொழியிலும் ஒரு பிரதி இருந்தது. அல்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜோர்ஜ் ஸேல் 1734இல் அதைப் பற்றிக் குறிப்பிடுகிறார். ஃபிரா மரினோ என்ற துறவி ஒருவர் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்டஸின் நூலகத்தில் இருந்தபோது, பாப்பரசர் உறங்கிவிட, இந்நூலை எடுத்து அங்கியுள் மறைத்துக்கொண்டு வெளியேறினார் என்று அதன் முன்னுரை கதை சொல்கிறது. கதை சுவையானதுதான். ஆனால் ஒரு நூலின் தோற்றத்துக்கு அதன் முன்னுரையே சாட்சியாக முடியாது. அந்த ஸ்பானியப் பிரதி பின்னர் காணாமற்போயிற்று. அதிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட முழுமையற்ற படி ஒன்று 1970களில் சிட்னிப் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் முற்பட்ட எந்தப் பிரதியும் கிடைக்கவில்லை. பழைய ‘கெலேசியப் பட்டியல்’ பர்னபாஸின் பெயரில் ஒரு சுவிசேஷத்தை விலக்கப்பட்ட நூலாகக் குறிப்பிடுவது உண்மை. ஆனால் அந்த நூலின் ஒரு வரிகூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் நூலும் ஒன்றாகிவிடாது. மேலும் பாப்பரசர் கெலேசியஸின் பெயர் தாங்கிய அப்பட்டியலும் அவர் எழுதியதன்று என்பதே ஆய்வாளர் கருத்து. இத்துறையில் எங்கே கை வைத்தாலும் ஒரு பொய்ப்பெயர் அகப்படுகிறது.

நூலின் உள்ளே சென்று பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகிறது. ஈஸா (அலை) அவர்கள் கலிலேயக் கடலில் கப்பலேறி நாசரேத்தில் இறங்கியதாக அது சொல்கிறது. நாசரேத்து ஒரு மலையூர். அங்கே கப்பல் போகாது. அங்கிருந்து மேலேறிக் கப்பர்நகூம் சென்றதாகவும் சொல்கிறது. உண்மையில் கப்பர்நகூம்தான் கரையில் இருக்கிறது. ஈஸா (அலை) பிறந்த காலத்திலேயே பிலாத்து ஆளுநராக இருந்ததாக எழுதுகிறது. பிலாத்து ஆண்டதோ கி.பி. 26 முதல் 36 வரை. யூபிலி ஆண்டு நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதாக அது சொல்கிறது. தவ்ராத்தின்படி அது ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. நூறாண்டுக் கணக்கு பாப்பரசர் எட்டாம் பொனிபஸ் கி.பி. 1300இல் ஏற்படுத்தியது. 1343இல் ஆறாம் கிளமெண்ட் அதை மீண்டும் ஐம்பதாக்கினார். முதலாம் நூற்றாண்டுப் பலஸ்தீனத்தில் வாழ்ந்த ஒருவர் இதை எப்படி அறிந்திருப்பார்?

இவையெல்லாம் வரலாற்றாசிரியரின் ஆட்சேபங்கள். ஒரு முஸ்லிம் வாசகனுக்கு வேறு ஆட்சேபங்களும் இருக்க வேண்டும். அல்குர்ஆன் ஈஸா (அலை) அவர்களைத் திரும்பத் திரும்ப அல்மஸீஹ் என்று அழைக்கிறது. இந்நூலிலோ தான் மஸீஹ் அல்லன் என்று அவர்களே மறுக்கிறார்கள். அப்பட்டம் முஹம்மத் (ஸல்) அவர்களுக்கு வழங்கப்படுகிறது. அல்குர்ஆன் வானங்கள் ஏழு என்கிறது. இந்நூல் ஒன்பது என்கிறது. மர்யம் (அலை) பேரீச்ச மரத்தடியில் பட்ட பிரசவ வேதனையை ஸூரா மர்யம் உருக்கமாகச் சொல்கிறது. இந்நூலில் அவர் வேதனையின்றிப் பிரசவிக்கிறார். அல்குர்ஆன் கண்ணியப்படுத்தும் யஹ்யா (அலை) அவர்கள் இந்நூலில் அறவே இல்லை. ஆக, நம் சாட்சி நமக்கெதிராகவும் பேசுகிறது. நமக்கு உவப்பான பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு மற்றப் பக்கங்களை மூடிவைத்தால்தான் அதை நாம் கூண்டில் ஏற்ற முடியும்.

அப்படியானால் இதை எழுதியவர் யார்? இதற்கு முடிவான விடை இல்லை. ராக் தம்பதியினர் 1907இல் ஒக்ஸ்போர்டில் இத்தாலியப் பிரதியையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வெளியிட்டபோது, அது மத்திய காலத்து ஆக்கம் என்று முன்னுரையில் வாதிட்டனர். அடுத்த ஆண்டே கெய்ரோவில் அல்மனார் பதிப்பகத்தின் மூலம் ரஷீத் ரிளா அதன் அரபு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதைப் பெயர்த்த கலீல் ஸஆதா ஒரு கிறிஸ்தவர். இஸ்லாத்தைத் தழுவிய அந்தலூசிய யூதர் ஒருவர் இதை எழுதியிருக்கலாம் என்பது அவரது ஊகம். அண்மைக்கால ஆய்வாளர்களில் மிக்கேல் தெ எபல்ஸா, லூயிஸ் பெர்னபே பொன்ஸ் போன்றோர் ஸ்பெயினின் மொரிஸ்கோக்களை நோக்கி விரல் நீட்டுகின்றனர். இந்நூலைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, 1634 அளவில் தூனிஸியாவில் வாழ்ந்த இப்ராஹீம் அத்தைபிலி என்ற மொரிஸ்கோவின் எழுத்தில்தான் காணப்படுகிறது என்பது இங்கே கவனத்திற்குரியது.

மொரிஸ்கோக்கள் யார் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1492இல் கிரனாடா வீழ்ந்தது. மதச் சுதந்திரம் தருவதாகக் கொடுத்த வாக்குறுதிகள் பத்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1502இல் கஸ்தீலிய ஆட்சிப் பகுதிகளின் முஸ்லிம்கள் ஞானஸ்நானம் பெறவோ நாட்டைவிட்டு வெளியேறவோ பணிக்கப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்றவர்களும் அவர்களின் சந்ததியினருமே மொரிஸ்கோக்கள். 1567இல் அவர்களின் அரபு மொழி, உடை, பழக்கவழக்கங்கள் எல்லாம் தடைசெய்யப்பட்டன. மறுவருடம் அல்புஹாராஸ் மலைகளில் கிளர்ச்சி வெடித்து இரத்தத்தில் அடக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில் 1588இல் கிரனாடாவில் பழைய பள்ளிவாசலின் மினாரா ஒன்றை இடித்தபோது ஓர் ஈயப் பேழை அகப்பட்டது. அதனுள்ளே அரபு எழுத்தும் கொண்ட ஒரு தோற்சுருள் இருந்தது. 1595 முதல் நகருக்கு வெளியே ஒரு குன்றில், பின்னாளில் சக்ரோமொந்தே என்று பெயர் பெற்ற இடத்தில், அரபு பொறித்த ஈயத் தகடுகளாலான நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. அவை இருபதுக்கும் மேற்பட்டவை. ஈஸா (அலை) அவர்களின் சீடர் யாக்கோபுவோடு ஸ்பெயினுக்கு வந்த அரபுக் கிறிஸ்தவர்கள் முதலாம் நூற்றாண்டில் எழுதியவை என்று அவை தம்மைச் சொல்லிக்கொண்டன. ஸ்பெயினுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர்களே அரபிகள்தாம் என்றும், மர்யம் (அலை) அவர்களே அரபிகளையும் அரபு மொழியையும் புகழ்ந்தார்கள் என்றும் அவை கூறின. முஸ்லிம்களின் நம்பிக்கைக்கு இடறல் தராத சொற்களையே பார்த்துப் பார்த்துக் கையாண்டன.

நோக்கம் விளங்குகிறதல்லவா? அரபு பேசுவது குற்றமாக்கப்பட்ட நாட்டில், அரபு மொழி புனிதமானது என்று நிறுவ யாரோ முயன்றிருக்கிறார்கள். அவற்றை மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டவர்களில் இருவரான அலொன்ஸோ தெல் கஸ்தீலியோ, மிகேல் தெ லூனா ஆகிய மொரிஸ்கோ அறிஞர்கள் மீதே இன்றைய ஆய்வாளர்களின் ஐயம் விழுகிறது. கிரனாடாவின் பேராயர் அவற்றை உண்மையென்றே நம்பினார். ஆனால் பலன் என்ன? 1609இல் வெளியேற்றக் கட்டளை பிறந்தது. 1614க்குள் ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் நாட்டிலிருந்து துரத்தப்பட்டனர். 1682இல் வத்திக்கான் அந்த ஈய நூல்களைப் பொய்யென்று கண்டித்தது. 2000ஆம் ஆண்டில்தான் அவை கிரனாடாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

இவ்விடத்தில் நான் சற்றுத் தயங்குகிறேன். மொழியையும் பெயரையும் தொழுகையையும் பறிகொடுத்த ஒருவன் இரவில் ஒளிந்திருந்து ஈயத் தகட்டில் ஒரு பொய்யைப் பொறிக்கும்போது, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் பாதுகாப்பாக அமர்ந்திருந்து அவனுக்குத் தீர்ப்பு எழுத நான் யார்? உயிருக்கு ஆபத்து நேரும்போது நாவினால் மறுப்பவனின் ஈமான் பழுதுபடுவதில்லை என்பது நம் மார்க்கத்தின் சலுகை. அம்மாரின் (ரழி) வரலாறு அதற்குச் சான்று. ஆனால் அச்சலுகை வாளின் கீழ் இருப்பவன் தன் உயிரைக் காப்பதற்கானது. ஆதாரம் ஒன்றைப் படைத்து, பின்வரும் தலைமுறைகளெல்லாம் அதை உண்மையென்று நம்பும்படி விட்டுச் செல்வதற்கானதல்ல. நிர்ப்பந்தம் அவனை மன்னிக்கலாம். அவன் எழுதியதை அது உண்மையாக்கிவிடாது. எழுதியவனுக்கான மன்னிப்பையும் எழுத்துக்கான மதிப்பையும் நாம் வேறாக்கிப் பார்க்கப் பழக வேண்டும்.

நிர்ப்பந்தம் எதுவுமின்றி, அன்பினால் மட்டும் பொய் சொன்னவர்களும் உண்டு. பவுலின் பெயரோடு தொடர்புடைய ‘பவுலும் தெக்லாவும்’ என்ற கதையை எழுதியவர் ஆசியா மாகாணத்து மூப்பர் ஒருவர். அகப்பட்டபோது பவுலின் மீதுள்ள அன்பினால் எழுதியதாக ஒப்புக்கொண்டார் என்றும், பதவியிலிருந்து விலக்கப்பட்டார் என்றும் தெர்த்துல்லியன் கி.பி. 200 அளவில் எழுதுகிறார். ஐந்தாம் நூற்றாண்டில் மார்ஸெய் நகரின் சல்வியன், திருச்சபையாரின் பேராசையைக் கண்டித்து ‘திமோத்தேயு’ என்ற பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். அவருடைய முன்னாள் மாணவரான ஆயர் சலோனியஸ் இதென்ன என்று கேட்டபோது, சல்வியன் எழுதிய பதில் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. நூலில் சொல்லப்பட்டதைப் பார்க்க வேண்டுமேயன்றிச் சொன்னவர் யாரென்று பார்க்கலாகாது. ஆனால் உலகம் பெயரைப் பார்த்தே சொல்லை நிறுக்கிறது. எழுதியவரின் பெயர் அற்பமானதாகையால் நல்ல கருத்து வீணாகிவிடக்கூடாதென்று அவர் அதை மறைத்தார் என்பது அவரது வாதம்.

சல்வியனின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. பெயரைப் பார்த்துச் சொல்லை மதிப்பவர்கள் நாமும்தானே? ஆனால் அவ்வாதத்திலேயே அதன் ஓட்டையும் இருக்கிறது. சொன்னவர் யாரென்பது முக்கியமில்லையென்றால் இன்னொருவரின் பெயரை இரவல் வாங்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? பெயரின்றியே வெளியிட்டிருக்கலாம். பெயருக்குப் பெறுமதி உண்டு என்று தெரிந்துதான் பெயர் எடுக்கப்படுகிறது. எடுத்த பின் பெயர் முக்கியமில்லை என்று சொல்வது, பிறர் பணத்தை எடுத்தவன் பணம் அற்பப் பொருளென்று உபதேசிப்பது போன்றது.

இதே நோய் நம்மிடையேயும் இருந்தது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் மர்வு நகரில் வாழ்ந்தவர் நூஹ் இப்னு அபீ மர்யம். அல்குர்ஆனின் ஒவ்வொரு ஸூராவுக்கும் தனித்தனிச் சிறப்புகளைக் கூறும் ஹதீஸ்களை அவர் அறிவித்து வந்தார். இவை எங்கிருந்து கிடைத்தன என்று கேட்கப்பட்டது. மக்கள் அல்குர்ஆனை விட்டுவிட்டு அபூ ஹனீபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் கிடந்ததைக் கண்டு, நன்மையை நாடித் தானே அவற்றை இட்டுக்கட்டியதாக அவர் சொன்னார் என்று ஹதீஸ் கலை நூல்கள் பதிவு செய்கின்றன. பல கலைகளைத் திரட்டியவர் என்பதால் அவருக்கு ‘அல்ஜாமிஃ’ என்று பட்டம். உண்மையைத் தவிர மற்றெல்லாவற்றையும் திரட்டியவர் என்று இப்னு ஹிப்பான் அப்பட்டத்துக்குப் பொருள் சொன்னார். கர்ராமிய்யாக்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போயினர். நபி (ஸல்) அவர்கள் மீது பொய்யுரைப்பவன் நரகத்தில் தன் இருப்பிடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்ற எச்சரிக்கைக்கு அவர்கள் தந்த விளக்கம், தாங்கள் நபிக்கு எதிராகப் பொய் சொல்லவில்லை, நபிக்காகவே பொய் சொல்கிறோம் என்பதாகும்.

நம் முஹத்திஸ்கள் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. அந்த எச்சரிக்கை நல்ல நோக்கம், கெட்ட நோக்கம் என்று பிரிவினை செய்யவில்லை என்றார்கள். பொய்யர்களில் மிகப் பெரும் தீங்கு செய்தவர்கள் பக்திமான்களே என்று இப்னுஸ் ஸலாஹ் எழுதினார். ஏனெனில் அவர்களின் துறவைக் கண்டு மக்கள் அவர்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள். ஹிஜ்ரி 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி, இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் திரட்டித் தனி நூலே எழுதினார். இங்கே நம் கவனத்தை ஈர்க்க வேண்டியது ஒன்றுண்டு. நூஹின் ஹதீஸ்கள் சொன்ன விடயம் தீயதல்ல. அல்குர்ஆனை ஓதுங்கள் என்பதில் என்ன தவறு? விடயம் நல்லதாக இருந்தும் அவர்கள் அதைத் தள்ளினார்கள். நல்ல விடயம் என்பது வேறு, நபி சொன்னது என்பது வேறு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. இஸ்னாத் என்ற அறிவிப்பாளர் தொடரின் உயிரே அந்தத் தெளிவுதான்.

பொய்ப்பெயரில் சொல்லப்பட்ட நன்மை ஏன் தவறு என்பதற்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது. ஒருவர் சாட்சி சொல்லும்போது அவர் சொல்லும் செய்தியோடு, தான் அதைக் கண்டேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அந்த இரண்டாவது பகுதி இல்லையென்றால் அது சாட்சியல்ல, கருத்து மட்டுமே. பொய்ப்பெயர் எழுத்தாளர் தன் கருத்தைச் சாட்சியாக வேடமிட்டு நம்மிடம் தருகிறார். நாம் அதை எடைபோடும் உரிமையை நம்மிடமிருந்து களவாடிவிடுகிறார். அவர் தந்த கருத்து தற்செயலாகச் சரியாக இருந்துவிட்டாலும் களவு களவுதான்.

இரண்டாவது காரணமும் உண்டு. உண்மைக்குப் பொய்யைத் துணைக்கு அழைப்பவன் தன் உள்ளத்தின் ஒரு மூலையில் உண்மை தனித்து நிற்காது என்று அஞ்சுகிறான். அல்குர்ஆன் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிச் சொல்வதை நான் நம்புகிறேனென்றால் வியன்னா நூலகத்தின் இத்தாலியத் தாள்கள் அந்நம்பிக்கைக்கு எதைச் சேர்க்கப் போகின்றன? அவை பொய்யென்று நாளை நிறுவப்படும்போது, அவற்றைக் காட்டி நம்ப வைக்கப்பட்ட ஓர் இளைஞன் எதையெல்லாம் சேர்த்து உதறிவிட்டுப் போவான்? முட்டுக்கொடுத்த கம்பு உளுத்துப்போனால் சுவரையும் சந்தேகிக்கத் தோன்றும்.

இனி, எழுதியவரை விட்டுவிட்டுப் பரப்பியவர்களிடம் வருவோம். என் மனத்தை அதிகம் உறுத்துவது இதுவே. ராக் தம்பதியினரின் 1907ஆம் ஆண்டுப் பதிப்பில் நூலின் காலத்தைப் பற்றிய நீண்ட முன்னுரை உண்டு. பிற்காலத்தில் முஸ்லிம் நாடுகளில் அந்த ஆங்கில மொழிபெயர்ப்பு மறுபதிப்புச் செய்யப்பட்டபோது அம்முன்னுரை நீக்கப்பட்டு, நூலைப் போற்றும் வேறு எழுத்துகள் அவ்விடத்தில் சேர்க்கப்பட்டன. மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பு வேண்டும். அவர்களின் ஆராய்ச்சி வேண்டாம். ஸஆதாவின் ஐயங்களையும் சேர்த்தே அச்சிட்ட ரஷீத் ரிளாவின் நேர்மை பின்வந்தோரிடம் இருக்கவில்லை. எழுதிய மொரிஸ்கோவுக்கு, அவர் மொரிஸ்கோதான் என்றால், அடக்குமுறை என்ற காரணமாவது இருந்தது. பக்கங்களைக் கிழித்தவர்களுக்கு என்ன காரணம் இருந்தது?

2012 பெப்ரவரியில் இன்னொன்று நடந்தது. துருக்கியில் கைப்பற்றப்பட்டு அங்காரா அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்ட, தோலில் எழுதப்பட்ட சிரியக் கையெழுத்துப் பிரதி ஒன்று 1500 ஆண்டுப் பழைமையான பர்னபாஸ் சுவிசேஷம் என்று செய்தி பரவியது. வெளியான படத்திலிருந்த வரிகளைச் சிரியக் மொழி அறிந்தவர்கள் வாசித்தார்கள். அது கி.பி. 1500ஆம் ஆண்டில் எழுதப்பட்டதாகவே அவ்வரிகள் கூறின. ஆயினும் செய்தி நிற்கவில்லை. இன்றும் அது ஆண்டுக்கொருமுறை புதிய செய்தியாக நம் தொலைபேசிக்கு வந்து சேர்கிறது. ஹதீஸுக்கு இஸ்னாத் கேட்ட சமூகத்தின் பிள்ளைகள் இதற்கு எந்தத் தொடரையும் கேட்பதில்லை. தம் கைகளால் நூலை எழுதிவிட்டு இறைவனிடமிருந்து வந்தது என்போரைக் கண்டிக்கும் ஸூரா அல்பகராவின் வசனத்தைப் பிறர் மீது வீசும் நாம், அதே வசனத்தின் எதிரே நம்மை நிறுத்திப் பார்ப்பதில்லை.

பொய் ஆதாரம் என்ன செய்யும் என்பது இந்நாட்டு முஸ்லிம்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவுக்கடையின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கதை கட்டப்பட்டது. கடைகள் நொறுக்கப்பட்டன, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மாத்திரையல்ல, வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் சொன்னது. ஆனால் கதையை நம்பியவர்களுக்கு அறிக்கை தேவைப்படவில்லை. மாத்திரை இல்லாவிட்டாலும் நிலைமை அதுதான் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவுசெய்திருந்தார்கள். ஆதாரம் பொய்யானாலும் விடயம் உண்மை என்ற அந்த வாசகத்தை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம். பர்னபாஸைப் பற்றி நம்மவர்கள் சொல்வதும் அதுவேதான். இரண்டின் விளைவுகளும் ஒன்றல்ல என்பது உண்மை. ஒன்று கடைகளை நொறுக்கியது, மற்றது விவாதத்தில் வெற்றி தேடியது. ஆனால் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. நமக்கு உவப்பான பொய்க்கு அவ்வாசலைத் திறந்து வைத்துவிட்டு, நம்மைச் சுடும் பொய்க்கு மட்டும் அதை மூடச் சொல்லி அயலவரிடம் எப்படிக் கேட்பது? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்யக்கூடாது என்று ஸூரா அல்மாஇதா கட்டளையிடுகிறது. ஒரு கொள்கை மீதுள்ள விருப்பும் நம்மைப் பிறழச் செய்யலாகாது என்பதும் அதனுள் அடங்கியதே.

அப்படியாயின் பர்னபாஸ் சுவிசேஷத்தை எரித்துவிட வேண்டுமா? அல்ல. அதை நன்றாக வாசிக்க வேண்டும் என்பேன். முதலாம் நூற்றாண்டின் சாட்சியாக அல்ல, அதை உண்மையில் எழுதிய காலத்தின் சாட்சியாக. மொரிஸ்கோ ஆய்வாளர்களின் கருத்து சரியென்றால், பலவந்தமாகச் சிலுவையின் முன் முழந்தாளிட வைக்கப்பட்ட மனிதர் ஒருவர், தன்னை அடக்கியவர்களின் வேதத்தையே கையிலெடுத்து, அதன் வாயினாலேயே தன் கலிமாவைச் சொல்ல வைத்த கதை அது. அந்த மனிதரின் வேதனை பொய்யல்ல. பர்னபாஸ் என்ற பெயரை உரித்தெடுத்த பின்னரே அவர் நம் கண்ணுக்குத் தெரிகிறார். நாம் அவரைப் பர்னபாஸ் என்று அழைத்துக்கொண்டிருக்கும்வரை, தன் பெயரைச் சொல்ல முடியாமற்போன அந்த ஏழையின் குரலை ஒருபோதும் கேட்கப் போவதில்லை.